இல்லாத நோயைத் தேடும் பணி



“இளம்பிள்ளை வாதம்தான் நம் நாட்டில் ஒழிந்துவிட்டதே! பிறகு எதற்கு இன்னும் அதைப் பற்றிய பேச்சு?” பள்ளி வாயிலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோர்களிடம் தடுப்பூசியைப் பற்றிப் பேசினால் இக்கேள்வி எளிதில் வந்து விழும். கேட்பவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நாற்பது வயதைக் கடந்த நம்மில் பலர், கால் சூம்பிப்போன ஒருவரையாவது தோட்டத்திலோ பட்டணத்திலோ பார்த்து வளர்ந்தவர்கள். இன்றைய இளம் பெற்றோர்களுக்குப் போலியோ என்பது தடுப்பூசி அட்டையில் உள்ள ஒரு சொல் மட்டுமே. கண்ணால் காணாத ஒன்றுக்கு அஞ்சு என்றால் எவராலும் இயலாது.

ஆயினும், இக்கேள்விக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு நோய் நம் நாட்டில் இல்லை என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம்? தேடிப் பார்த்து, இல்லை என்று அறிகிறோமா? அல்லது தேடாததால் அது நம் கண்ணில் படவில்லையா? போலியோ ஒழிப்பு என்றவுடன் நாம் தடுப்பு மருந்தை மட்டுமே எண்ணுகிறோம். அம்மருந்துக்கு இணையான மறுபாதி, நோய்க் கண்காணிப்பு ஆகும். அந்த மறுபாதியில் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பங்குண்டு. அப்பங்கினை நாம் இன்னும் முறையாக உணரவில்லை என்பதே என் கருத்து.

ஒருவருக்குப் பின்னால் இருநூறு பேர்

போலியோ கிருமி வாய்வழியே உள்ளே சென்று குடலில் பெருகி, மலத்தின் வழியே வெளியேறுவது. கிருமி தொற்றிய பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தோன்றாது. சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, வாந்தி வந்து போகும். ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்கே கை கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கின்றன. அவ்வாறு செயலிழந்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர், மூச்சுத் தசைகளும் தளர்ந்து உயிரிழக்கின்றனர்.

இக்கணக்கைச் சற்றே திருப்பிப் பாருங்கள். ஓர் ஊரில் ஒரு பிள்ளையின் கால் செயலிழந்துவிட்டது என்றால், அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் ஏறக்குறைய இருநூறு பேருக்குக் கிருமி ஏற்கெனவே தொற்றிவிட்டது என்று பொருள். அவர்கள் ஓடுகிறார்கள், ஆடுகிறார்கள், பள்ளிக்கு வருகிறார்கள். கிருமியையும் பரப்புகிறார்கள். ஆகவேதான், உலகச் சுகாதார நிறுவனம் போலியோவைப் பொறுத்தவரை “ஒரே ஒரு நோயாளிதானே” என்று விடுவதில்லை. அந்த ஒருவரைக் காணத் தவறினால், மற்ற இருநூறு பேரையும் காணத் தவறியவர்கள் ஆவோம்.

எவ்வாறு தேடுகிறார்கள்?

போலியோவைத் தேடும் முறை சற்று விந்தையானது. மருத்துவர்கள் போலியோவை மட்டும் தேடுவதில்லை. 15 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கேனும், விபத்தோ அடியோ இல்லாமல் கையோ காலோ திடீரெனத் தளர்ந்து துவண்டுபோனால், காரணம் எதுவாயினும் அதனை அறிவிக்க வேண்டும். இதனைத் திடீர்த் தளர்வாதம் எனலாம். குல்லன் பாரே என்னும் நரம்பு நோயாலும் இது வரலாம். முதுகுத்தண்டு அழற்சியாலும் வரலாம். வேறு கிருமிகளாலும் வரலாம். மருத்துவர் ‘இது போலியோ அன்று’ என்று உறுதியாக நம்பினாலும் அறிவிக்க வேண்டும் என்பதே விதி.

அறிவித்தபின் என்ன நடக்கிறது? தளர்ச்சி தொடங்கிய 14 நாள்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், இருமுறை மலம் எடுக்கப்படுகிறது. அது குளிர்ப்பெட்டியில் வைக்கப்பட்டு, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பப்படுகிறது. அறுபது நாள்கள் கழித்து, தளர்ச்சி இன்னும் எஞ்சியுள்ளதா என்று பிள்ளையை மீண்டும் பார்க்கிறார்கள்.

கண்காணிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்பதை அளக்கவும் ஓர் அளவுகோல் உண்டு. போலியோவே இல்லாத நாட்டிலும், 15 வயதுக்குட்பட்ட ஓர் இலட்சம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருவரேனும் வேறு காரணங்களால் தளர்வாதம் கண்டிருப்பர். அந்த ஒருவர் கூட அறிவிக்கப்படவில்லை என்றால், அந்நாட்டில் எவரும் தேடவில்லை என்றே பொருள்.

ஆசிரியர்களுக்கு இது எளிதில் விளங்கும். வருகைப் பதிவேட்டில் ‘வராதோர்: 0’ என்று எழுதுவதற்கும், அவ்விடத்தை வெறுமனே விடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. முதலாவது, ஒவ்வொரு முகத்தையும் பார்த்து எழுதிய சுழியம். இரண்டாவது, வகுப்புக்குள் எவரும் நுழையவே இல்லை என்பதன் அடையாளம். தாளில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்.

எழுத்துப்பிழை காட்டும் வழி

ஆய்வுக்கூடத்தில் கிருமி அகப்பட்டால் அதன் மரபணுவைப் படிக்கிறார்கள். இதனையும் வகுப்பறை எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு மாணவன் எழுதிய கட்டுரையை அடுத்தவன் பார்த்து எழுதுகிறான். அவனைப் பார்த்து மூன்றாமவன் எழுதுகிறான். ஒவ்வொரு முறையும் புதிய எழுத்துப்பிழைகள் ஒன்றிரண்டு சேரும். பிழைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசிரியர், யார் யாரைப் பார்த்து எழுதினார் என்பதைக் கண்டுபிடித்துவிடுவார். போலியோ கிருமியும் பரவப் பரவ அதன் மரபணுவில் இத்தகைய மாற்றங்கள் ஏறத்தாழச் சீரான வேகத்தில் சேர்கின்றன. கிருமி எந்த ஊரிலிருந்து வந்தது என்பதையும், எத்தனை காலம் எவர் கண்ணிலும் படாமல் சுற்றியது என்பதையும் அம்மாற்றங்களே சொல்லிவிடுகின்றன.

எவர் கண்ணிலும் படாமல் சுற்றியதற்கு நைஜீரியா சான்று. 2014-ஆம் ஆண்டு ஜூலைக்குப் பிறகு அங்கு இயற்கைப் போலியோ கிருமியால் எவரும் பாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. 2015 செப்டம்பரில் போலியோ நிலைத்துள்ள நாடுகளின் பட்டியலிலிருந்தும் அந்நாடு நீக்கப்பட்டது. 2016 ஆகஸ்டில், போர் நடந்துகொண்டிருந்த போர்னோ மாநிலத்தில் கால் செயலிழந்த பிள்ளைகள் கண்டறியப்பட்டனர். மரபணுவைப் படித்தபோது, அதன் நெருங்கிய உறவு 2011-இல் அம்மாநிலத்தில் கடைசியாகக் காணப்பட்ட கிருமி என்று தெரிந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அக்கிருமி மறைந்தே வாழ்ந்திருக்கிறது. சுகாதாரப் பணியாளர்கள் நுழைய முடியாத ஊர்களிலிருந்து அறிக்கை ஏதும் வரவில்லை. வராத அறிக்கை நல்ல செய்தியாகிவிட்டது.

இந்தியாவின் கதை இதற்கு நேர்மாறானது. 2009-இல் அங்கு 741 பிள்ளைகள் பாதிக்கப்பட்டனர். 2010-இல் 42 பேர். 2011 ஜனவரி 13-ஆம் நாள் மேற்கு வங்காளத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்குத் தளர்ச்சி தொடங்கியது. இயற்கைக் கிருமியால் பாதிக்கப்பட்டோரில் அக்குழந்தையே கடைசி. 2014 மார்ச் 27-ஆம் நாள் தென்கிழக்காசிய வட்டாரம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. இவ்வெற்றிக்குச் சொட்டு மருந்து முகாம்கள் பெருங்காரணம். அவற்றோடு, தளர்வாதத்தை அறிவிக்கும் வலைப்பின்னலில் பெரிய மருத்துவமனைகளை மட்டுமன்றி, கிராமத்து வைத்தியர்களையும் மந்திரிப்பவர்களையும் சேர்த்துக்கொண்டதும் ஒரு காரணம். கால் துவண்ட பிள்ளையைத் தாய் முதலில் யாரிடம் தூக்கிச் செல்வாள் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது.

நம் வாசலுக்கு வந்தபோது

மலேசியாவில் போலியோ கடைசியாகக் காணப்பட்டது 1992-இல். 2000 அக்டோபரில் நம் நாடு உள்ளிட்ட மேற்குப் பசிபிக் வட்டாரம் போலியோ அற்றது என்று அறிவிக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தபின், 2019 டிசம்பரில் சபா மாநிலத்தின் துவாரான் வட்டாரத்தைச் சேர்ந்த, காய்ச்சலோடும் தசைத் தளர்ச்சியோடும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்கு ஆய்வில் போலியோ உறுதியானது. மரபணு ஆய்வு, பிலிப்பீன்சில் பரவியிருந்த கிருமியோடு அதற்குள்ள தொடர்பைக் காட்டியது. அந்நாட்டிலும் அதே ஆண்டு செப்டம்பரில்தான் போலியோ மீண்டும் தலைதூக்கியதாக அறிவித்திருந்தார்கள்.

அக்குழந்தை வாழ்ந்த பகுதியில் 2 மாதம் முதல் 15 வயது வரையிலான 199 பேரை ஆராய்ந்தபோது, 23 பேர் போலியோ தடுப்பு மருந்து பெறாதவர்கள் என்று சுகாதார அமைச்சு தெரிவித்தது. அடுத்த மாதமே மேலும் இருவர் கண்டறியப்பட்டனர். ஒருவருக்கு 8 வயது, மற்றவருக்கு 11 வயது. இருவரும் குடியுரிமை இல்லாத சிறுவர்கள்; தடுப்பு மருந்து பெறாதவர்கள். மொத்தம் நால்வர். சபாவில் குடியுரிமை பாராமல் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கப்பட்டது. கோவிட் பெருந்தொற்றுக்கு நடுவிலும் அப்பணி தொடர்ந்து, 2021 செப்டம்பரில் நோய்ப்பரவல் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது.

8 வயது, 11 வயது என்ற எண்களைக் கண்டபோது என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. அவை இரண்டாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் வயது. போலியோ கைக்குழந்தைகளின் நோய் என்று எண்ணி, அதனைத் தாய்சேய் கிளினிக்கின் பொறுப்பாக விட்டுவிட்ட நாம், அந்த எண்களை மறந்துவிடலாகாது. 2022 நவம்பரில், மலாக்கா நீரிணைக்கு அப்பாலுள்ள ஆச்சே மாநிலத்தில் கண்டறியப்பட்ட பிள்ளைக்கும் வயது 7. முதலாம் ஆண்டு வகுப்பில் அமரும் வயது அது.

“தடுப்பு மருந்தே நோயைத் தருகிறதாமே?”

சபாவில் பரவியது தடுப்பு மருந்திலிருந்து மாறிய கிருமி என்ற செய்தியைப் பிடித்துக்கொண்டு, “பார்த்தீர்களா, மருந்தால்தான் நோயே வந்தது” என்று கைப்பேசியில் பரப்பியவர்கள் பலர். இதற்கு விடை கூறாமல் நழுவுவது முறையன்று.

சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள கிருமி. மருந்து பெற்ற பிள்ளையின் குடலிலிருந்து அது சிறிது காலம் வெளியேறும். சுற்றியுள்ள பிள்ளைகள் எல்லாரும் தடுப்பு மருந்து பெற்றிருந்தால் அது அத்தோடு அழியும். பெறாத பிள்ளைகள் பலர் இருந்தால், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாதக்கணக்கில் பரவி, மாறி மாறி, இழந்த வலுவை அக்கிருமி மீண்டும் பெற்றுவிடும். ஆக, பிழை எங்கே உள்ளது? மருந்து சென்று சேராத பிள்ளைகளிடம் நாம் ஏற்படுத்திய இடைவெளியில் உள்ளது. நம் நாட்டில் குழந்தைகளுக்கு 2, 3, 5, 18 மாதங்களில் போடப்படும் ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட கிருமி. அது பரவவும் முடியாது, மாறவும் முடியாது.

மருந்தின் பாதுகாப்பை உறுதிசெய்ததும் கண்காணிப்பே. 1958-இல் சிங்கப்பூரில் போலியோ பரவியபோது, சேபின் உருவாக்கிய சொட்டு மருந்து சுமார் இரண்டு இலட்சம் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. ஹேல், துரைசிங்கம், கனகரத்தினம் முதலிய மருத்துவர்கள், மருந்து பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்டு 1959-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். அம்மருந்தைப் பேரளவில் துணிந்து பயன்படுத்திய தொடக்ககால முயற்சிகளுள் நம் வட்டாரத்து முயற்சியும் ஒன்று என்பது நாம் அறிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி.

கால் துவளும் முன்பே கண்டறிய இன்று கழிவுநீரையும் சோதிக்கிறார்கள். 2022-இல் லண்டன் கழிவுநீரில் கிருமி காணப்பட்டதும், அந்நகரில் 1 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் தடுப்பூசி வழங்க முடிவு செய்தனர். ஆனால் கழிவுநீர், கிருமி உண்டு என்பதை மட்டுமே சொல்லும். எந்தப் பிள்ளையின் கால் தளர்ந்தது என்பதைச் சொல்லாது. அதற்கு மனிதக் கண் வேண்டும்.

நம் பங்கு யாது?

பிள்ளையின் நடையை நாள்தோறும் பார்ப்பவர்கள் இருவர். வீட்டில் தாய், பள்ளியில் ஆசிரியர். நேற்று ஓய்வு வேளையில் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடிய மாணவன், இன்று மாடிப்படி ஏறக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறான். எழுதுகோல் கையிலிருந்து நழுவுகிறது. சபைகூடலில் நிற்க முடியாமல் அமர்ந்துவிடுகிறான். ‘சோம்பல்’, ‘நடிப்பு’ என்று கடிந்துகொள்வதற்கு முன் ஒரு நொடி நிதானிப்போம். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குக் கற்பித்த விரிவுரையாளர் ஒருவர், “பதிவேட்டை எடுக்கும்போது பெயரைப் படித்து முகத்தைப் பாருங்கள்” என்பார். நான் அதனோடு, ‘நடையையும் பாருங்கள்’ என்பதைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். பாலர் பள்ளிகளில் கை, கால், வாய்ப்புண் நோய்க்காகக் காலையில் உள்ளங்கைகளைப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. அதே கண்தான் இங்கும் வேண்டும்.

இது என்ன நோய் என்று ஆசிரியர் தீர்மானிக்க வேண்டியதில்லை, தீர்மானிக்கவும் கூடாது. மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியரிடம் தெரிவித்து, பெற்றோரை அழைத்து, அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினால் போதும். சுகாதார அலுவலகத்துக்கு அறிவிப்பது மருத்துவரின் கடமை. 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்கீழ் போலியோ அறிவிக்கப்பட வேண்டிய நோயாகும்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குத் திடீரெனக் கால் இழுத்தால், சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்ப்பதும், வழித்துவிடுபவரிடம் அழைத்துச் செல்வதும் நம் குடும்பங்களில் இன்றும் உண்டு. பாட்டிமார்களின் அக்கறையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மலச் சோதனைக்கு உள்ள காலம் 14 நாள்கள் மட்டுமே. அதில் பத்து நாள் எண்ணெயில் கழிந்தால், கிருமி இருந்ததா இல்லையா என்பதே தெரியாமல் போகலாம். தளர்ச்சி மூச்சுத் தசைகளுக்கு ஏறும் ஆபத்தும் உண்டு. முதலில் மருத்துவமனை, மற்றவை பிறகு.

மருத்துவமனையில் மலம் எடுத்துத் தரச் சொன்னால் அருவருப்போ அவமானமோ கொள்ளாதீர்கள். “என் பிள்ளைக்குப் போலியோ என்று சந்தேகப்படுகிறார்களே” என்று மனம் நோகவும் வேண்டாம். சோதிக்கப்படும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குப் போலியோ இருக்காது. ‘இல்லை’ என்று வரும் ஒவ்வொரு முடிவும் நாட்டுக்கு நீங்கள் அளிக்கும் சான்று. அத்தகைய சான்றுகள் பல சேர்ந்துதான், மலேசியா போலியோ அற்ற நாடு என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

பள்ளிக்கும் ஒரு பொறுப்பு உண்டு. இத்தகைய நேரத்தில் பிள்ளையின் பெயர் புலனக் குழுக்களில் உலா வருதல் கூடாது. ஒரு குடும்பம் ஊராரின் பேச்சுக்கு ஆளானால், அடுத்த குடும்பம் தன் பிள்ளையின் தளர்ச்சியை மறைத்துவிடும். மறைக்கும் ஊரில் கண்காணிப்பு நடவாது. அடையாள ஆவணம் இல்லாத பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பிடித்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் மருத்துவமனை வாசலை மிதிக்காத தாயின் பிள்ளையும் நம் பிள்ளைகள் விளையாடும் அதே மண்ணில்தான் விளையாடுகிறது. சபாவில் நாம் கற்ற பாடம் இதுவே. கிருமி அடையாள அட்டை கேட்பதில்லை.

1988-இல் உலகம் போலியோவை ஒழிக்க உறுதிபூண்டபோது, 125 நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,50,000 பிள்ளைகள் முடமாகிக்கொண்டிருந்தனர். இன்று இயற்கைக் கிருமி விடாமல் நிலைத்திருப்பது பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டுமே. ஆனால் அவ்விரு நாடுகளிலும் சேர்த்து 2023-இல் 12 ஆக இருந்த எண்ணிக்கை, 2024-இல் 99 ஆக உயர்ந்தது. முடியும் தறுவாயில் உள்ள பணி முடிந்துவிட்ட பணி ஆகாது.

ஆகவே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒருவரை அழைத்து இதனைப் பேசச் செய்வோம். புதிதாகச் சேரும் மாணவர்களின் தடுப்பூசிப் பதிவை, கோப்பில் இடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்ப்போம். விடுபட்டிருந்தால், பெற்றோரைக் கடிந்துகொள்ளாமல் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிற்கு வழிகாட்டுவோம். இவற்றுக்குப் பெரும் செலவில்லை. சுற்றறிக்கைக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை.

தேடிப் பார்த்து, இல்லை என்று சொல்லும் ஊராக நம் ஊர் இருக்கட்டும். சிந்திப்போம், செயல்படுவோம்.